காண்டாமிருகத்தின் தலைக்கு மேலே இரண்டு ஓட்டை

காகிதத்தைப் பிரித்ததும் காண்டாமிருகம் நேராக நின்றது. அதைப் பார்த்துத்தான் மாப்பிள்ளை இரண்டடி பின்வாங்கினார்.

நியாயப்படி அது தலைகீழாக நின்றிருக்க வேண்டும். இன்ஜின் ஆயில் டின்னின் அடிப்பக்கத்தில் இரண்டு ஓட்டை போட்டு, எண்ணெயை வாளியில் வடித்துவிட்டு, ஓட்டை போட்ட பக்கம் மேலே தெரியும்படிதான் அதை அவர் தரையில் வைத்திருந்தார். அப்படியானால் டின்னில் அச்சடித்திருந்த காண்டாமிருகம் நாலு காலையும் வானத்துக்குத் தூக்கிக்கொண்டு கிடக்க வேண்டாமா? அதுவோ தரையில் கால் ஊன்றி, கொம்பை உயர்த்தி, தன் தலைக்கு மேலே இருந்த இரண்டு ஓட்டைகளையும் பார்த்துக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை டின்னைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். அங்கேயும் ஒரு காண்டாமிருகம். அதுவும் நேராகத்தான் நின்றது.

"என்னங்க, ஆச்சா?" என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

"ஆச்சு," என்றார். அது பொய் இல்லை. என்ன ஆச்சு என்று அவள் கேட்கவில்லை.

இவரை நாமும் மாப்பிள்ளை என்றே சொல்லிவிடுவோம். மாமனார் வீட்டில் பதினோரு வருஷமாக அதுதான் பெயர். முதுகுக்குப் பின்னால் இன்னொரு பெயர் உண்டு: உடைசல். கல்யாணமான மறுவாரம் அந்த வீட்டில் கை கழுவப் போனார். குழாயின் பிடி கையோடு வந்துவிட்டது. அடுத்த வருஷம் சுவர்க் கடிகாரத்துக்கு சாவி கொடுத்தார்; கடிகாரத்தோடு சுவரும் கொஞ்சம் பெயர்ந்து வந்தது. மாமனார் மெக்கானிக். நாற்பது வருஷம் சொந்த ஒர்க்‌ஷாப் நடத்தி, போன வருஷம்தான் ஷட்டரை இறக்கினார். அந்த நாற்பது வருஷத்தில் கடைசிப் பத்து வருஷம் மாப்பிள்ளையும் அங்கே போய் நின்றிருக்கிறார். ஒரு ஸ்பானரைக்கூட மாமனார் அவர் கையில் கொடுத்ததில்லை. டார்ச் பிடிக்கச் சொல்வார். மாப்பிள்ளை அதைச் சரியாக மாமனாரின் கண்ணில் அடிப்பார்.

மாப்பிள்ளைக்கு வேலை பார்சல் கம்பெனியில், சேதாரப் பிரிவில். உடைந்த சாமான்களோடு கோபமாக வருகிறவர்களிடம் புகாரை எழுதி வாங்குகிற மேஜை. "சரியான ஆளைத்தான் சரியான இடத்துல உக்கார வெச்சிருக்காங்க," என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அடுத்தவர் சொல்வதற்கு முன் தானே சொல்லிவிட்டால் கொஞ்சம் கம்மியாக வலிக்கும் என்பது அவர் கண்ட அனுபவம்.

அப்படிப்பட்டவரை மாமனார் போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டனுப்பினார்.

போனபோது ஹால் மேஜைமேல் பழுப்புக் காகிதம் சுற்றி ஒட்டிய டின் ஒன்று உட்கார்ந்திருந்தது. மாமனார் கையில் ஒரு கடிதம். கையை முழுசாக நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்து அதைப் பார்த்தார். கை இன்னும் ஒரு முழம் நீளமாக இருந்திருக்கலாம் என்பதுபோல முகத்தைச் சுளித்துவிட்டு மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"படிங்க. எழுத்தை எறும்பு மாதிரி அடிச்சு வெச்சிருக்கான்."

"கண்ணாடி போட்டுக்கலாமே மாமா?"

"கண்ணு சரியில்லாதவன் போட்டுக்கறது கண்ணாடி. எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. எழுத்துதான் சரியில்ல."

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. "புதுசா வாங்கின சமையல் எண்ணெய், முழு பாட்டில், எங்க போச்சுன்னே தெரியல. இத்தனை நாளா கேக்கறேன், யாரும் வாயைத் திறக்கல."

"எலியா இருக்கும்," என்றார் மாமனார்.

"எலி மூடியைத் திறந்து எண்ணெயை எடுத்துட்டு, காலி பாட்டிலைக் கழுவிக் கவுத்து வெக்குமா?"

"நீங்க படிங்க மாப்பிள்ளை."

கடிதம் போன மாதமே வந்தது; மடிப்பெல்லாம் கிழிகிற நிலையில் இருந்தது. எழுதியவர் வேறு தேசத்துக்காரர். பழைய இன்ஜின் ஆயில் டின்களைச் சேர்ப்பதே அவருக்கு வேலை. பெரிய கூடம் ஒன்று கட்டி, கண்ணாடிப் பெட்டிகளில் டின்களை வைத்திருக்கிறாராம். காண்டாமிருக மார்க், சீல் உடையாத டின், முப்பது வருஷமாகத் தேடியும் அவருக்குக் கிடைக்கவில்லையாம். மாமனார் ஒர்க்‌ஷாப் திறந்த அன்று வாங்கி, பிரிக்காமலேயே அலமாரியில் வைத்திருந்த டின்னைப் பற்றி யார் மூலமாகவோ கேள்விப்பட்டு எழுதியிருந்தார். டின்னுக்குக் கீழே ஒரு அட்டை வைத்து, அதில் மாமனார் பெயரையும் ஒர்க்‌ஷாப் பெயரையும் அச்சடிப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

நிபந்தனைகள் கடைசியில் இருந்தன. எண்ணெயைப் பார்சலில் அனுப்ப முடியாது, டின் காலியாக வரவேண்டும். அடிப்பக்கத்தில் மட்டும் இரண்டு சின்ன ஓட்டை. ஒன்று எண்ணெய் வெளியே வர, இன்னொன்று காற்று உள்ளே போக. வடித்த பிறகு ஈயம் வைத்து அடைத்துவிட வேண்டும். மேல்பக்கம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும். மேலே ஒரு கீறல் இருந்தாலும் வேண்டாம்.

"அட்டையில பேர் போடுவானாம்," என்றார் மாமனார். அவர் குரல் அப்படி இளகி மாப்பிள்ளை கேட்டதே இல்லை. "ஷட்டரை இறக்கினதோட எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சேன்."

"ரொம்பப் பெரிய விஷயம் மாமா. வேலையை யார் செய்யப் போறாங்க?"

"நீங்கதான்."

மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

"பார்சல் விஷயமெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். எனக்கும் வயசாச்சு, கை முன்ன மாதிரி நிக்கறதில்ல. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நிதானமா செய்யுங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன். எண்ணெய் வடியற வரைக்கும் காகிதத்தை மொத்தமா பிரிச்சுடாதீங்க, பெயிண்ட் உதிரும். ஓட்டை போடற பக்கத்தை மட்டும் கிழிச்சுக்குங்க."

"எது அடிப்பக்கம்னு..."

"பாத்தாலே தெரியும்," என்று சொல்லிவிட்டு, மாமனார் தன் சொந்த டிரில்லை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்தார். அந்தக் கைமேல் தன் கையையும் வைத்து ஒரு நிமிஷம் அழுத்தினார். மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு எழுந்தவர் நாற்காலியைத் தட்டிவிட்டார். அதற்குக்கூட மாமனார் ஒன்றும் சொல்லவில்லை.

விஷயத்தைக் கேட்ட மனைவி, "எங்கப்பாவா? உங்ககிட்டயா?" என்றாள். "அப்பாவுக்கு உடம்பு சரியா இருக்கா?"

"மனுஷன் மாறக் கூடாதா?"

"மாறலாம். ஆனா எங்கப்பா மாற மாட்டார்."

சனிக்கிழமை மதியம் கொல்லைப்பக்கத்தில் வேலையை ஆரம்பித்தார். டின்னின் ஒரு முனையில் காகிதத்தைக் கொஞ்சம் கிழித்துப் பார்த்தார். வெறும் தகரம். மறுமுனையைக் கிழித்தார். அங்கே பொட்டு வைத்ததுபோல இரண்டு ஈயப் புள்ளிகள் இருந்தன. அடடா, தொழிற்சாலையில் எண்ணெயை நிரப்பி அடைத்த இடம் இதுதான் என்று மாப்பிள்ளை புரிந்துகொண்டார். அடைக்கிற இடம் அடியில்தானே இருக்கும்? பார்த்தாலே தெரியும் என்று மாமனார் சொன்னது எவ்வளவு சரி! அந்தப் புள்ளிகளின்மேலேயே டிரில்லை வைத்துச் சுற்றினார். வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது.

எண்ணெய் பொன் நிறத்தில், கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தது. மாப்பிள்ளை விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தார். 'நாற்பது வருஷம் ஆகியும் என்ன சுத்தம்! இந்தக் காலத்தில் யார் இப்படிச் சரக்குப் போடுகிறார்கள்?' என்று நெகிழ்ந்து போனார். அதற்குப் பிறகுதான் மீதிக் காகிதத்தைப் பிரித்தார். காண்டாமிருகம் நேராக நின்றது.

ஃபோன் அடித்தது. மாமனார்.

"என்ன மாப்பிள்ளை, ஆரம்பிச்சாச்சா?"

"ஆரம்பிச்சாச்சு மாமா."

"ஏதாவது ஆயிடுச்சா?"

"இல்லையே மாமா."

"ஒண்ணுமே ஆகலையா?" அந்தப் பக்கம் குரல் இறங்கியது. "இல்ல, ஆனாலும் மறைக்காதீங்க. கை தவறுறது மனுஷனுக்கு சகஜம். நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

ஃபோனை வைத்த பிறகு மாப்பிள்ளைக்கு அழுகை வந்தது. பதினோரு வருஷமாக இந்த மனிதரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்திருக்கிறோமே! இப்படிப்பட்டவருடைய டின்னின் மண்டையில் அல்லவா ஓட்டை போட்டிருக்கிறோம்! 'உனக்கெல்லாம் எதுக்குடா டிரில்?' என்று தன்னையே திட்டிக்கொண்டார். திட்டி முடித்ததும் ஒரு யோசனை தோன்றியது. மாப்பிள்ளையின் கஷ்டங்களெல்லாம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்கும்.

ஓட்டையை மேலேயே அடைத்து, தேய்த்து மழமழவென்று ஆக்கிவிட்டால் யாருக்குத் தெரியும்? தெருமுனை ரேடியோ ரிப்பேர்க்காரரிடம் போய் ஈயம் வைக்கிற கருவியை இரவல் வாங்கி வந்தார். ஈயம் தகரத்தில் ஒட்டவில்லை. விரலில் ஒட்டியது, சட்டையில் ஒட்டியது, டிரில்லில்கூட ஒட்டியது. சூடு போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, டின்னைக் கொண்டுபோய் சமையலறை அடுப்பில் காட்டினார்.

"என்ன பொரிக்கறீங்க?" என்று மனைவி முன் அறையிலிருந்து கேட்டாள். "வாசனை தூக்குது!"

காண்டாமிருகத்தின் மூஞ்சியில் பெயிண்ட் கொப்புளமாக எழும்பிக்கொண்டிருந்தது. பதறிப்போய் டின்னைத் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டார். 'டொம்' என்று ஒரு சத்தம். டின்னின் ஒரு பக்கம் உள்ளே போய்விட்டது. கரியைத் துடைக்கலாம் என்று தின்னர் ஊற்றித் துடைத்தார். கரி போயிற்று. கூடவே கொம்பும் போயிற்று.

கொம்பு இல்லாத காண்டாமிருகம் கொழுத்த பன்றிதான். மாப்பிள்ளை மனைவியின் அலமாரியைத் துழாவினார். அங்கே பெயிண்ட் என்று சொல்லக்கூடியது நகப்பூச்சு ஒன்றுதான். அதில் ஒரே ஒரு நிறம்தான் இருந்தது.

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"என்னது இது?"

"காண்டாமிருகம்."

"சேவல் மாதிரி இருக்கு." கொஞ்சம் குரலைத் தணித்துக்கொண்டு, "அப்பாகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க. பாவம், உங்களைப் பாத்தா எனக்கே கஷ்டமா இருக்கு," என்றாள்.

"சொல்லலாம்மா. குழாய், கடிகாரம் எல்லாத்துக்கும் சொன்னேன்தானே? ஆனா இப்பத்தான் முதல் தடவையா என் கையை நம்பி ஒண்ணைக் குடுத்திருக்கார். அதுவும் எதை? அவர் பேர் நிக்கப்போற டின்னை. இதையும் கெடுத்துட்டேன்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

அவள் நகப்பூச்சுப் பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

இதே டின் இன்னொன்று எங்காவது கிடைத்தால்? பழைய இரும்புக் கடை நினைவுக்கு வந்தது. ஸ்கூட்டரை எடுத்தால் அதில் எண்ணெய் இல்லை. பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்றுகிற பழைய ஸ்கூட்டர் அது. வாளியில்தான் பொன் மாதிரி எண்ணெய் இருக்கிறதே, மாமனார் பாதுகாத்த சரக்கை வீணாக்கக் கூடாது என்று அதிலிருந்து ஊற்றிக்கொண்டு கிளம்பினார்.

தெரு தாண்டுவதற்குள் பின்னால் இரண்டு நாய்கள் சேர்ந்துகொண்டன. சந்திப்பில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது பக்கத்து பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக மூக்கை நீட்டினார்கள். போக்குவரத்துக் காவலர் கிட்டே வந்து ஸ்கூட்டரைச் சுற்றிப் பார்த்தார்.

"வண்டியில என்ன சார் வெச்சிருக்கீங்க? சாப்பாடா?"

"ஒண்ணும் இல்லைங்க."

"மதியத்துலேர்ந்து நின்னுட்டிருக்கேன். இந்த வாசனையோட இந்தப் பக்கம் மறுபடி வராதீங்க," என்று வயிற்றைத் தடவிக்கொண்டே அனுப்பிவைத்தார்.

பழைய இரும்புக் கடைக்காரர் நாற்காலியில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை மூச்சு வாங்க விவரம் சொன்னதும், கையை நீட்டி வாசல் கதவைக் காட்டினார். கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அடியில் எதையோ முட்டுக் கொடுத்திருந்தது. அதன்மேல் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தது. டியூபுக்கு மேலே ஒரு கொம்பு எட்டிப் பார்த்தது.

மாப்பிள்ளை மண்டியிட்டு டியூபை உருவினார். காண்டாமிருகம் பளபளவென்று நின்றது. சீல் உடையவில்லை. தூக்கிப் பார்த்தார், கனம். உள்ளே எண்ணெய் தளும்பியது.

"இதைக் கேட்டு வர்ற ரெண்டாவது ஆள் நீங்க," என்றார் கடைக்காரர். "கொஞ்ச நாள் முன்னாடி ஒருத்தர் வந்தார். எடுத்துப் பாத்துட்டு, 'இது பசுமாடு, நான் கேட்டது காண்டாமிருகம்'னு சண்டை போட்டுட்டுப் போயிட்டார்."

"பசுமாடா? மூக்குமேல கொம்பு இருக்கே!"

"எனக்கென்ன தெரியும்? சரி, இதை நீங்க எடுத்துட்டா என் கதவு ஆடுமே. இதே கனத்துல ஏதாவது கொண்டாந்து குடுத்துட்டு எடுத்துக்குங்க. காசெல்லாம் வேணாம்."

வீட்டில் அந்தக் கனத்தில் இருந்தது இஸ்திரிப் பெட்டி ஒன்றுதான். மனைவி குளிக்கிற நேரம் பார்த்து அதைக் கொண்டுபோய்க் கதவுக்கு வைத்துவிட்டு வந்தார். கெட்டுப்போன டின்னிலேயே மண்ணை நிரப்பிக் கொடுத்திருக்கலாம் என்பது திரும்பி வந்து ஸ்கூட்டரை நிறுத்திய பிறகு தோன்றியது.

இந்த முறை மாப்பிள்ளை அவசரப்படவில்லை. இரவல் கருவியைத் திருப்பிக் கொடுக்கப் போனவரை ரேடியோ ரிப்பேர்க்காரர் மேலும் கீழும் பார்த்தார். "தகரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, ஈயம் பிடிக்கிற பசை தடவினீங்களா?" என்று கேட்டார்.

"தேய்க்கணுமா?"

அவர் கும்பிடு போட்டார். பிறகு மனம் இரங்கி ஒரு துண்டு உப்புத்தாளும் பசை டப்பாவும் கொடுத்து, கருவியையும் இன்னொரு நாள் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாப்பிள்ளை டின்னைத் தலையணைமேல் தலைகீழாக வைத்தார். காண்டாமிருகத்தின் கால்கள் வானத்தைப் பார்க்கின்றனவா என்று நாலு முறை சரிபார்த்தார். மனைவியைக் கூப்பிட்டு அவளையும் பார்க்கச் சொன்னார். அதன்பிறகு டிரில்லை வைத்தார். எண்ணெய் கன்னங்கரேலென்று, கெட்டியாக, நாற்றத்தோடு வந்தது. 'கடைக்காரன் சரியாகப் பாதுகாக்கவில்லை, மாமனார் எண்ணெய் எங்கே, இது எங்கே' என்று நினைத்துக்கொண்டார். வடித்து, கொஞ்சம் பெட்ரோல் விட்டு அலசி, ஒரு பகல் முழுக்கக் காயவைத்தார். சாயங்காலம் ஓட்டையைச் சுற்றித் தேய்த்து, பசை தடவி, ஈயத்தை வைத்தார். ஈயம் சமர்த்தாக உருகி, ஒரு சொட்டு பிசகாமல் போய் உட்கார்ந்தது.

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் கையால் ஒரு வேலை ஒழுங்காக முடிந்திருக்கிறது. இதைச் சொல்லிக்கொள்ள ஆசையாக இருந்தது. ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது? பெருமையாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

"என்னங்க, இஸ்திரிப் பெட்டி எங்க?" என்றாள் மனைவி.

"ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்."

"நல்லா இருந்த பெட்டியையா?"

"இனிமே கெட்டுப் போயிடக் கூடாதுன்னுதான்."

அன்றிலிருந்து மாமனார் தினமும் ஃபோன் செய்தார். "கீறல் ஏதாவது விழுந்துச்சா?" "தைரியமா சொல்லுங்க மாப்பிள்ளை." "உங்க இடத்துல யார் இருந்தாலும் கை தவறியிருக்கும்." ஒவ்வொரு ஃபோனுக்கும் மாப்பிள்ளை இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இந்த அன்பை அவரால் தாங்க முடியவில்லை.

பார்சல் அனுப்புகிற கவுண்டரில் இருந்தது அவருடைய சக ஊழியை. டின்னைக் காதோரம் வைத்து ஆட்டினாள், முகர்ந்து பார்த்தாள், உள்ளே எண்ணெய் இல்லை என்று இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கினாள். மாப்பிள்ளை டின்னுக்குப் பஞ்சு சுற்றி, அதற்குமேல் போர்வை சுற்றி, பெட்டிக்குள் வைத்து, வெளியே 'உடையக்கூடியது' என்ற சீட்டை ஒன்பது இடத்தில் ஒட்டினார்.

"சார், இதுக்கு சேதாரப் புகாரை இப்பவே எழுதி வெச்சுக்கட்டுமா?" என்றாள் அவள்.

"நானே எழுதி மேஜையில வெச்சிருக்கேன்மா. தேதி மட்டும்தான் போடணும்."

மூன்று வாரம் கழித்துப் பதில் கடிதம் வந்தது. மாமனார் மகளையும் மாப்பிள்ளையையும் உடனே வரச் சொன்னார். மாப்பிள்ளை கசங்கிய சட்டையோடு போய் நின்றார்.

"ஏன் மாப்பிள்ளை, சட்டை இப்படி இருக்கு?" என்றார் அத்தை.

"பெட்டி ரிப்பேர்ல இருக்கு அத்தை."

மாமனார் மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, தோளில் கையைப் போட்டார். முகத்தில் அப்படி ஒரு கனிவு. "படிங்க. என்ன எழுதியிருந்தாலும் சரி, நீங்க மனசைத் தளர விடக் கூடாது. நான் அன்னிக்கே மன்னிச்சாச்சு."

மாப்பிள்ளை பிரித்துப் படித்தார். "டின் வந்து சேர்ந்தது. என் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான டின்களைப் பார்த்திருக்கிறேன். மேல்பக்கம் இத்தனை மாசு மருவில்லாமல் ஒரு டின்னைக் கண்டதில்லை. ஒரு கீறல் இல்லை. அடியில் அடைத்திருக்கும் அழகைப் பார்த்தால், இதைச் செய்தவர் தேர்ந்த கைவேலைக்காரர் என்று தெரிகிறது. அட்டையில் உங்கள் பெயருக்குக் கீழே அவர் பெயரையும் போட விரும்புகிறேன்."

தோளிலிருந்த கை நழுவிக் கீழே விழுந்தது.

"மறுபடி படிங்க."

படித்தார்.

"மேல்பக்கம்னா போட்டிருக்கான்? சரியாப் பாருங்க. அடிப்பக்கம்னு இருக்கும்."

"மேல்பக்கம்னுதான் இருக்கு மாமா."

மாமனார் எழுந்தார். நேரே அத்தையிடம் போய், அவர் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டார். மகள் வாயைப் பிளந்தாள். அப்பாவின் முகத்தில் கண்ணாடியை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கடிதத்தைப் பிடுங்கி, எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"ஓட்டை இல்லையா?" என்றார் தனக்குத்தானே. "எப்படி இல்லாம போகும்?"

கண்டுபிடித்துவிட்டார் என்று மாப்பிள்ளைக்குத் தெரிந்துபோயிற்று. நாற்பது வருஷ மெக்கானிக், தன் டின் எது, ஊரான் டின் எது என்று தெரியாதா அவருக்கு? இனி மறைத்துப் பயனில்லை. பெயரை அட்டையில் போடுகிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிற இந்த நாளிலா இப்படி ஆக வேண்டும்? மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, என்னை மன்னிச்சுடுங்க. நீங்க அவ்வளவு நம்பி என்கிட்ட குடுத்தீங்க. உங்க நம்பிக்கையை நான் காப்பாத்தல," என்றார்.

எண்ணெய் போன கதையை முந்தின ராத்திரிதான் மாமனார் வாயிலிருந்து பிடுங்கியிருந்த அத்தை, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஆமா, காப்பாத்தலதான்! மொதக் கடுதாசி வந்த அன்னிக்கே கண்ணாடி போடாம டின்னுக்கு மண்டையில ஓட்டை போட்டு, என் சமையல் எண்ணெயை ஊத்தி அடைச்சு வெச்ச மனுஷன், எப்படியும் நீங்க எதையாவது ஒடைப்பீங்க, பழி உங்களோட போயிடும்னு மலையா நம்பி உங்க கையில குடுத்தார். நீங்க என்னடான்னா ஒரு கீறல்கூட இல்லாம அனுப்பி வெச்சிருக்கீங்களே, மாப்பிள்ளை!"